தாய்க்கு இளையவன்

தம்பி, கொஞ்சம் முன்னால் சாயுங்கள். சட்டை முதுகில் இருக்கிற பெயரைப் படிக்கத்தான். மதி. கீழே பதினேழு. அச்சு நன்றாக விழுந்திருக்கிறது. சரி, சாய்ந்துகொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள், எனக்குக் காற்று ஆகாது.

அது என் மகன்.

சிரிக்காதீர்கள். மேட்ச் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் எந்தக் கிழவனும் இப்படித்தான் சொல்வான் என்று நினைக்கிறீர்கள். என் மூக்கைப் பாருங்கள். அவன் ஓடிவரும்போது டிவியில் பக்கவாட்டில் காட்டுவார்களே, அந்த மூக்கு. இப்போது தெரிகிறதா? தெரியும். பார்த்தால் தெரியும்.

கோவில்பட்டி வருகிறவரைக்கும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். போன மாதம் டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது பெரியவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். பெரியவன் நான்தான் என்றேன். "பிள்ளைங்க?" ஒரு மகன். அந்த ஒரு மகன் எனக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்கிறான். அவனிடம் நான் வீடு கேட்கவில்லை, காரில் ஏற்று என்று கேட்கவில்லை. செத்த பிறகு ஒரு தீக்குச்சி. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு அதுவும் கிடையாது என்கிறான். அதைக் கேட்கத்தான் இன்றைக்குத் திருநெல்வேலி வந்தேன்.

அவனை ஆளாக்கியது நான். இதை நீங்கள் எந்தப் பேப்பரிலும் படித்திருக்க மாட்டீர்கள்.

நான் லோடு ஆட்டோ ஓட்டினேன். தீப்பெட்டி பண்டல் ஏற்றி இறக்குகிற வேலை. எங்கள் ஊரில் கிரிக்கெட்டை யாரும் மதிக்க மாட்டார்கள், எல்லாம் ஹாக்கிதான். இவன் மட்டும் குடோன் சுவரில் கரியால் மூன்று கோடு போட்டுவைத்து, டென்னிஸ் பந்தை எறிந்துகொண்டிருப்பான். நடுக்கோட்டில் படுகிறவரை சாப்பிட வரமாட்டான். ஒருநாள் பண்டல் இறக்கிவிட்டு நின்று பார்த்தேன். பந்து சுவரைத் தொடும் முன்பு கடைசி நேரத்தில் வெளியே விலகுகிறது. எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் இது சாதாரணம் இல்லை என்று தெரிந்தது.

அவன் பெயர் அப்போது மதி இல்லை. கொம்பையா.

ஆமாம். நீங்கள் நினைக்கிற அதே கொம்பையாதான். அவன் கையில் பச்சை குத்தியிருக்கிறானே, அந்தப் பெயர். அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு என் அப்பா பெயர், கொம்பையா. இளையவனுக்கு என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் ஆசைப்பட்டு வைத்த பெயர் மதிவாணன். இரண்டு பேருக்கும் மூன்று வயது வித்தியாசம். இளையவன் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். இதில் என் மேல் தப்பில்லை. ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பண்டல் ஏற்றியிருந்தது. கம்பெனி போகிற வழியில்தான் இருந்தது, இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று நிறுத்தினேன். நிறுத்தாமல் போயிருந்தாலும் போகிற உயிர் போய்த்தான் இருக்கும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்போம். ஓடைப்பக்கம் புதைத்தோம். அந்தச் சாவை யார் போய் ஆபீஸில் பதிகிறார்கள்? நானும் பதியவில்லை. சோம்பல்தான். அந்தச் சோம்பல் பின்னால் எவ்வளவு உதவியது பாருங்கள்.

கொம்பையா பத்தாம் வகுப்பு எழுதி முடித்த கோடையில் மதுரையிலிருந்து ஞானதுரை என்று ஒரு கோச் எங்கள் ஊருக்கு வந்தார். இவன் போட்டதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பையன் கையில சரக்கு இருக்கு அண்ணாச்சி. ஆனா லேட்டாயிருச்சு. பதினாறு வயசுக்கு உட்பட்டவங்க டீமுல ஏறிட்டா, அதுக்கப்புறம் தானா தூக்கிட்டுப் போயிருவாங்க. இவன் அந்த வயசத் தாண்டிட்டான். மேல இருக்கிற டீமுல நூறு பேரு முட்டிக்கிட்டு நிக்கான். ஒரு மூணு வயசு கொறைஞ்சிருந்தா இவன எங்கயோ கொண்டு போயிருப்பேன்."

மூன்று வயது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது. வீட்டுக்கு வந்தேன். சுவரில் சின்னவன் படம் மாலையோடு தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வயது குறைந்த ஒருத்தன் என் வீட்டிலேயே இருக்கிறான். பிறந்ததற்குச் சர்டிபிகேட் இருக்கிறது, செத்ததற்கு இல்லை.

சாப்பிடும்போது சொன்னேன். "ஏலே, இனி ஒம் பேரு மதி. நாம மதுரைக்குப் போறோம். எட்டாங் கிளாஸ்ல சேரப்போற."

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். "அப்போ கொம்பையா எங்க யப்பா?"

"அவன் செத்துட்டான்."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் கையில் கரண்டியோடு நின்றாள். "ஒரு பிள்ளைய சாமி கொண்டுட்டுப் போச்சு," என்றாள். "இன்னொண்ண நீங்க கொண்டுட்டுப் போறீங்க."

ஓர் அறை கொடுத்தேன். எனக்கு அடிக்கிற பழக்கம் கிடையாது, அவசியம் என்றால்தான். படிக்காதவள் தம்பி, அவளுக்கு என்ன தெரியும்?

அவன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. பாலிடெக்னிக்கில் சேரவேண்டும் என்று அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தான். இரண்டு பெயரில் இரண்டு படிப்பு இருந்தால் ஆபத்து இல்லையா? மார்க் ஷீட்டை வாங்கிக் கொளுத்தினேன். அவன் கண்ணெதிரேதான். படிப்பு மனதில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆட்டத்தில் கவனம் போகாது.

மதுரையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். ஹெட்மாஸ்டர் தங்கமான மனிதர். "எத்தனை பிள்ளைங்கய்யா?" என்று கேட்டார்.

"ரெண்டு சார். மூத்தவன் தவறிட்டான்."

அவர் எழுந்து வந்து இவன் தலையில் கை வைத்தார். "அண்ணன் இல்லேன்னு வருத்தப்படாதடா. அவனுக்கும் சேர்த்து நீ படிக்கணும்" என்றார். இவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். இவனும் அவரிடம் தலையை ஆட்டினான். அந்த நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பையன் பிழைத்துக்கொள்வான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் மாலை போட்ட படத்தைப் பார்த்து யார் என்று கேட்பார்கள். அதற்கும் வழி செய்தேன். கண்ணாடிக் கடையில் கொடுத்து, படத்துக்குக் கீழே 'கொம்பையா' என்று எழுதி வாங்கி வந்தேன். இப்போது பாருங்கள், செத்தவன் ஒருத்தன் சுவரில் இருக்கிறான், உயிரோடு ஒருத்தன் வீட்டில் இருக்கிறான். யார் வந்து கேட்டாலும் எல்லாம் பொருந்துகிறது. ஆவுடையம்மாள்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்குப் போட அந்தப் படத்துக்கு முன்னால் போவாள், போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். எந்தப் பிள்ளைக்கு விளக்கு என்று அவளுக்குக் குழப்பம்.

பெரியவனை அவள் அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மதி என்று கூப்பிடு என்றால் வாயை மூடிக்கொள்வாள். "இந்தா, சாப்பிடு." "இந்தா, துண்டு." அவ்வளவுதான். பிடிவாதக்காரி.

மீசைதான் தொந்தரவு கொடுத்தது. சிரைத்தால் தடித்து வளரும். பெண்கள் புருவத்துக்கு நூல் போட்டுப் பிடுங்குவார்களே, அப்படிப் பிடுங்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் கொட்டும். பிடுங்குவான். குரலும் உடைந்திருந்தது. "எவன் என்ன கேட்டாலும் வாயத் திறக்காத, தலைய மட்டும் ஆட்டு" என்று சொல்லி வைத்தேன். அப்படியே பழகிவிட்டது. இப்போது பேப்பரில் 'அமைதிப் புயல்' என்று எழுதுகிறார்கள் இல்லையா? அந்த அமைதி நான் கொடுத்தது.

என்ன தம்பி, தண்ணீர் குடிக்கிறீர்களா? குடியுங்கள். இதை வெளியில் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அவனை ஆயுளுக்கும் ஆட விடமாட்டார்கள். நான் யாரிடமும் சொல்கிறவன் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். டீக்கடையில் ஒரு மனிதர் நன்றாகப் பேசினார், அவரிடம் சொன்னேன். அப்புறம் உங்களிடம். அவ்வளவுதான்.

முதல் செலெக்‌ஷன் மேட்ச். மதுரையில் ஒரு காலேஜ் மைதானம். ஞானதுரை சார் புதுப் பந்தை இவன் கையில் கொடுத்துவிட்டார். முதல் ஓவரே இவன்தான். அன்றிலிருந்து இன்றுவரை முதல் ஓவர் இவன்தான், கவனித்திருக்கிறீர்களா? எதிர் டீமில் எல்லாம் பொடியன்கள். இவன் ஓடிவருவதைப் பார்த்தே இரண்டு பேர் ஸ்டம்பை விட்டு விலகி நின்றார்கள். ஒரு பையன் மட்டும் விலகாமல் நின்றான். ஒல்லிப் பையன், தலையில் இருந்த ஹெல்மெட் அவனுக்குப் பெரிது, ஆடிக்கொண்டே இருந்தது. இவன் ஒரு பவுன்சர் போட்டான். பந்து கம்பிக்கு நடுவில் புகுந்து வாயில் அடித்தது. ரத்தம். பல் இரண்டு தரையில் கிடந்தது. யாரோ கைக்குட்டையில் பொறுக்கினார்கள்.

இவன் பந்தைப் போட்டுவிட்டு நேராக நான் நிற்கிற கயிற்றுப் பக்கம் ஓடி வந்தான்.

"யப்பா, அவன் சின்னப் பையன் யப்பா. காலையில எங்கிட்ட வந்து, 'அண்ணே மெதுவா போடுங்கண்ணே'ன்னான். என்னை அண்ணேன்னான் யப்பா."

"ஒனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. போய் ஓவர முடி."

"எனக்குப் பதினாறு யப்பா."

"யாருக்கு? யாருக்குலே பதினாறு? அந்தப் பய செத்துப் போயிட்டான்."

திரும்பிப் போனான். போய் ஓவரை முடித்தான். ஆறு விக்கெட் அன்றைக்கு. பிள்ளைகளுக்கு மனது இளகும், நாம்தான் கெட்டிப்படுத்த வேண்டும்.

அடிபட்ட பையனின் அப்பா விடவில்லை. வக்கீல் அவர். இவன் எட்டாங் கிளாஸ் பையனே இல்லை, சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கென்று ஒரு பரிசோதனை இருக்கிறது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே பெயரை மாற்ற முடியாது, எலும்பு பேசிவிடும். ஆவுடையம்மாள் அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை. அவன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எனக்குத் தெரியும், உதடு அசைந்துகொண்டே இருந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வயது வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம், "பையனுக்கு ஒழுங்கா பால், முட்டை எதுவும் குடுக்கிறதில்லையா? எலும்பு வளர்ச்சி ரொம்பக் குறைவா இருக்கு" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆவுடையம்மாள் ஒவ்வொரு முட்டைக்கும் என்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பாள்! அப்போது வாங்கிப் போட்டிருந்தால் அவன் வாழ்க்கையே போயிருக்கும். அதை அவளிடம் சொல்லியும் காட்டினேன். என்ன பேசுவாள்?

அந்த வளராத எலும்புதான் பின்னால் முதுகில் விரிசல் விட்டது. விட்டால் என்ன? அதற்குள் ஸ்டேட் டீமில் ஏறிவிட்டான். சென்னையில் ஒரு கம்பெனி டீமில் சேர்த்துக்கொண்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு முதல் ஓவர் போட்டான். வலி என்று என்னிடம் ஒருநாள் சொன்னதில்லை. என்னிடம் எதையுமே சொன்னதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆவுடையம்மாள் விழுந்தாள். கல்லீரல். மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இவனுடைய டீம் கேப்டனும் கூட ஆடுகிற பையன்களும் வேனில் வந்துவிட்டார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள், கட்டிலைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் வாயைத் திறந்தாள்.

"கொம்பையா... ஏலே கொம்பையா... எங்கலே போன..."

எத்தனை வருடத்துக்கு அப்புறம்! வார்டே திரும்பிப் பார்க்கிறது. கேப்டன் என்னிடம், "யாரக் கூப்பிடுறாங்க சார்?" என்றார்.

"மூத்தவன, தம்பி. சின்ன வயசுலயே தவறிட்டான். போற நேரத்துல அவன் நெனப்பு" என்றேன். அந்தக் கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். வாயைத் திறந்துவிடுவானோ என்று எனக்கு உயிரே இல்லை. அவன் காலை என் காலால் அழுத்திக்கொண்டு நின்றேன். அவள் தலையைத் திருப்பி அவனையே பார்த்தாள். கண் சரியாகத் தெரியவில்லையோ, வேண்டுமென்றே செய்தாளோ, தெரியாது.

"ஐயா, ஒன்னப் பாத்தா நல்ல பிள்ளையாத் தெரியுது. எங்க கொம்பையாவ எங்கயாவது பாத்தியா?"

இவன் குனிந்தான். "வந்துருவான்மா" என்றான்.

என்ன ஒரு பதில்! எனக்கே அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது. அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

சுடுகாட்டில் சடங்கு செய்கிறவர் கேட்டார். "தாய்க்கு இளையவன், தகப்பனுக்கு மூத்தவன். இளைய பிள்ளை யாருய்யா, முன்னால வா." எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அம்மா சிதைக்குக் கடைசிப் பையன் கொள்ளி வைக்க வேண்டும், அப்பாவுக்குத் தலைப்பிள்ளை. டீம் பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் இவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "இந்தா நிக்கான், இளையவன். மதிவாணன்" என்று சத்தமாகச் சொன்னேன். போனான். பானையை உடைத்தான், திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். எல்லாம் முறையாக நடந்தது.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றான். பல வருடத்துக்கு அப்புறம் அவனாக வந்து பேசினான்.

"யப்பா, அம்மாவுக்கு இளையவன் வெச்சிட்டான்."

"ஆமாலே, நல்லபடியா செஞ்ச."

"ஒனக்கு மூத்தவன்தான வெக்கணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கென்னலே இப்போ?"

"அவன்தான் செத்துட்டானே. நீதான சொன்ன."

குரலில் கோபம்கூட இல்லை தம்பி. பந்து போடுவதற்கு முன்னால் ஃபீல்டரை இடம் மாற்றி நிறுத்துவானே, அதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். "ஏலே, பேரத்தான மாத்துனேன், ஆள மாத்தலியே" என்றேன். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றினான். துண்டில் சுற்றிக்கொண்டு வேனில் ஏறிவிட்டான்.

சித்தப்பன், மாமன் என்று எத்தனையோ பேரை அனுப்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் மரியாதையாகக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு அதே பதில். "நான் இளையவன் மாமா. எனக்கு அந்த உரிமை இல்ல."

அப்புறம்தான் அந்தப் பேட்டி வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிவியில் ஒரு பெண், கையில் என்ன பச்சை என்று கேட்கிறாள். இவன் மணிக்கட்டைக் காட்டுகிறான். எக்ஸ்ரே எடுத்த அதே இடது மணிக்கட்டு. கொம்பையா.

"எங்க அண்ணன். சின்ன வயசுலயே போயிட்டான். நல்லாப் படிப்பான், ஸ்கூல்லயே ரெண்டாவது. எனக்குப் பௌலிங் கத்துக்குடுத்ததே அவன்தான். குடோன் சுவத்துல கரியால கோடு போட்டு."

அந்தப் பெண் அழுதேவிட்டாள். "இருந்திருந்தா இப்போ என்ன ஆகியிருப்பார்?"

"நல்லா இருந்திருப்பான்," என்றான்.

நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். எவ்வளவு சாமர்த்தியம்! இனி எந்த வக்கீல் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. நாடே அந்தக் கொம்பையாவுக்காக அழுதுவிட்டது. மூளை யாருடையது? என்னுடையதுதான். அப்பாவைப் பற்றியும் அவள் கேட்டாள். "இருக்காரு" என்றான். அதோடு விட்டுவிட்டான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாஸ் கேட்டு ஆள் அனுப்பினேன், வரவில்லை. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனேன். ஃபைன் லெக் பக்கம் வேலியோரம் இடம் பிடித்தேன். அவன் ஓவர் முடிந்ததும் அங்கேதான் வந்து நிற்பான், எனக்குத் தெரியும். முதல் ஓவர் போட்டான். நாலாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. வழக்கம்போல மணிக்கட்டை முத்தமிட்டு வானத்தைக் காட்டினான். பக்கத்தில் ஒருவர் என் தொடையில் தட்டி, "செத்துப்போன அண்ணனுக்கு, பெருசு" என்று விளக்கம் சொன்னார்.

ஓவர் முடிந்து வேலிப் பக்கம் வந்தான். உங்களைப் போல மஞ்சள் சட்டைப் பையன்கள் ஐம்பது பேர், "மதியண்ணே, மதியண்ணே" என்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினான். நானும் "மதி" என்றேன். கூட்டத்தில் அது எங்கே கேட்கும்? "ஏலே" என்றேன். திரும்பவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் கத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவனுக்குக் கத்தினால் என்ன? வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலத்தையெல்லாம் கூட்டி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

"கொம்பையா!"

அவன் முதுகு அப்படியே நின்றது. கை பாதி ஆட்டத்தில் நின்றது. என் குரல் தெரியும் அல்லவா? மெல்லத் திரும்பினான். நேராக என்னைப் பார்த்தான். தம்பி, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கரிக்கோடு போட்ட சுவருக்கு முன்னால், சாப்பிடக் கூப்பிட்டால் திரும்புகிற முகம். உதடுகூடப் பிரிந்தது. "என்ன யப்பா" என்று கேட்கப்போகிறான் என்றே நினைத்தேன். கேட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன். அந்த ஒரு தீக்குச்சி.

அதற்குள் எனக்கு வலது பக்கம் நின்ற ஒரு பையன், உங்கள் வயதுதான், "ஏய், அவங்க அண்ணன் பேருடா!" என்று கத்தினான். "கொம்பையா! கொம்பையா!" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் மேல் வரிசை. அப்புறம் அந்த ஸ்டாண்ட் முழுவதும். கை தட்டிக்கொண்டு, கொம்பையா, கொம்பையா. நீங்களும் கத்தியிருப்பீர்கள். கத்தினீர்கள்தானே? பார்த்தேன்.

அவன் என்னைப் பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் முழுவதையும் நின்று கேட்டான். பிரிந்த உதடு மூடிக்கொண்டது. இடது கையைத் தூக்கினான். மணிக்கட்டை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினான். பிறகு அந்தக் கையாலேயே வானத்தைக் காட்டினான். ஜனம் எழுந்து நின்றுவிட்டது. பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள்.

என் தொடையில் தட்டினாரே, அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மொதல்ல கூப்பிட்டதே நீதான பெருசு? இப்போ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்க? அவங்க அண்ணன ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். இத்தனை வருடம் கட்டிக் காப்பாற்றியது, ஒரு நிமிஷத்தில் சந்தேகம் வந்துவிடக் கூடாதே.

எல்லோரையும்போல நானும் கையைத் தூக்கினேன். நானும் கத்தினேன்.